வள்ளியம்மாள் கட்டுக்குப் பச்சை விழாத மாதம்

இணையதளச் சோதனை என்பது, நடந்தது என்னவென்று மூன்று பேரைக் கேட்டு மூன்று விடை பெற்றபின், நான்காவதாகக் கணினியைக் கேட்டு, ‘நேரம் முடிந்தது’ என்ற ஒற்றை வரியோடு திரும்பும் தொழில்.

இங்கே தொகுத்திருக்கும் பேச்சுகளுள் முதலாவதை நான் கேட்டது கோகிலாவிடமிருந்து. நாள், சென்ற ஐப்பசியில் துலா மழை பிடித்துக்கொண்ட வாரத்துச் செவ்வாய்க்கிழமை. நேரம், முற்பகல் பத்தே கால். வழி, தொலைபேசி. மற்றவற்றில் நானும் ஒரு பாத்திரமாதலால், சொன்னவர் பெயரைத் தேவைப்படும் இடத்தில் மட்டும் தந்திருக்கிறேன். வாய்மொழிக் கதைகள் ஊருக்கு ஊர், வாய்க்கு வாய் எப்படி வேறுபடுகின்றன என்று பதிந்து வைப்பதே என் வேலை. பாலக்காட்டுச் சித்தூரில் கல்லூரிப் பணி முடிந்து ஓய்வுபெற்ற பின்னும் அது என்னை விடவில்லை. கிழக்குப் பாலக்காட்டு வயல்களிலும் இடுக்கி எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலும் பதிந்த கதைகள் ஓர் இணையதளத்தில் இருக்கின்றன. அந்தப் பழைய தளத்திலிருந்து புதிய தளத்துக்கு அவற்றைக் குடிமாற்றியபோதுதான் நான் சோதனைக்காரியும் ஆனேன். பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே காலைகளைத் தொலைத்தவர் எவரேனும் இதைப் படிக்கக்கூடும். அவருக்குச் சொல்ல என்னிடம் ஆறுதல் இல்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவே.

ஒரு கட்டு மட்டும்

கோகிலா கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கொச்சியில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். எங்கள் குடிமாற்றத்தை ஏற்றுக்கொண்டது அந்த நிறுவனம். அவள் எழுதிய சோதனை, ஆள் தொடாமலே பிரவுசரைத் திறக்கும். பழைய தளத்தில் ஒரு கதைக் கட்டில், அதாவது ஒரு கதைசொல்லியின் தொகுப்பில், எத்தனை ஒலிப்பதிவு என்று எண்ணும். புதிய தளத்திலும் அதே எண் வருகிறதா என்று பார்த்து, வந்தால் பச்சைக் குறி இடும். வராவிட்டால் முப்பது விநாடி காத்திருந்து சிவப்பை இட்டுவிட்டு ஓய்ந்துவிடும். நாள்தோறும் விடியற்காலையில் பழையதிலிருந்து புதியதற்கு நகல் போகும். வேலைநாள்களில் பத்து மணிக்குச் சோதனை தானே ஓடும். அடுத்தடுத்து மூன்று நாள் பச்சை விழுந்த கட்டைத்தான் நிறுவனம் ஏற்கும். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை பழைய தளம் மூடப்படும். அதற்குள் ஏற்கப்படாத கட்டு புதிய தளத்திலிருந்தும் நீக்கப்படும்.

பதிவுகளைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். வைத்துக்கொண்டால் அவை என்னிடம் இருக்கும், மலையில் இருப்பவர்கள் கேட்கும் இடத்தில் இரா. அலமாரியில் இருக்கும் கதைக்கு என்ன நேரும் என்பதை என் கேசட்டுகளைத் தின்ற பூசணம் நன்கறியும். மொத்தம் பதினைந்து கட்டுகள். அன்று காலை கோகிலா சொன்னது இது: “பதினாலு கட்டும் பச்சைங்க டீச்சர். உங்க சாந்தன்பாறை வள்ளியம்மா ஒருத்திதான் என்ன பண்ணுனாலும் அடங்க மாட்டீங்கறா.”

புலியிடம் வழி கேட்டவள்

அந்தக் கட்டில் இருப்பது ஒரே கதை. மலையேறும் ஒருத்தி வழி தவறி, எதிரே வந்த புலியிடம் வழி கேட்கிறாள். ஏலப்பாறையில் பேச்சியம்மாள் சொல்லும் வடிவத்தில், புலி காட்டிய வழியே போய் அவள் வீடு சேர்கிறாள். சாந்தன்பாறையில் பேச்சியம்மாளின் அக்காள் வள்ளியம்மாள் சொல்லும் வடிவத்தில், புலி காட்டியதற்கு எதிர்வழியே போய் வீடு சேர்கிறாள். இருவரும் ஒரே லயத்தில் பிறந்து, ஒரே தகப்பனிடம் இதைக் கேட்டவர்கள். தகப்பன் எப்படி முடித்தார் என்பதில் மூண்ட வழக்கில் அக்காளும் தங்கையும் பேச்சை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. வள்ளியம்மாள் ஒருமுறை சொல்லி ஓய்பவளும் அல்லள். ஏலத்தோட்ட வேலையிலிருந்து நின்றபின், நினைவு வர வரத் திருத்தியும் கூட்டியும் எனக்குத் தொலைபேசியில் சொல்லுவாள். என் முறைப்படி எந்தத் திருத்தமும் முந்தையதை அழிக்காது. தனிப்பதிவாக அருகில் உட்காரும்.

கட்டு இன்னும் குடிமாறவில்லை என்பதை அவளுக்கு நான் தெரிவித்தேன். தெரிவிக்காமல் இருப்பது முறையல்ல என்று நினைத்தேன். மலையிலிருந்து தளத்தைச் சோதித்துப் பார்ப்பவன் பேச்சியம்மாளின் மகன் முத்துராஜ் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. தங்கையின் கட்டு குடியேறிவிட்டது, தன் கட்டு வாசலில் நிற்கிறது, வாசலில் காவலிருப்பவன் தங்கை மகன். இவ்வளவையும் அவள் ஒரே மூச்சில் கூட்டிக்கொண்டாள். “அவ கதை மட்டும் நெட்டுல கெடந்தா, எங்கய்யா சொன்னது அதுதான்னு ஆயிருமே டீச்சரம்மா. புலிகூட வழி விட்டாலும் விடும், அந்தப் பய விடமாட்டான்.”

ரேஞ்சு

கதை வேறுபடும்போது, சொன்னவர், ஊர், நாள் மூன்றையும் சீட்டில் குறித்து அடுக்கிப் பார்ப்பது என் வழக்கம். சிவப்புக்கான காரணத்தையும் அவ்வாறே சேகரித்தேன். கொச்சி நிறுவனம், மலையில் ரேஞ்சு, அதாவது சிக்னல், போதாது என்றது. என் பக்கத்து வீட்டார், பழைய தளம் கிழடாகிவிட்டது என்றனர். கோகிலா எண்ணிப் பார்ப்பதை மட்டுமே நம்பினாள். நாள்தோறும் எட்டு மணிக்கு இரண்டு தளங்களையும் திறந்து கையால் எண்ணிப் பார்ப்பாள், எண் ஒத்திருக்கும். பத்து மணிக்குக் கணினி எண்ணும், ஒத்திராது. அறிக்கையில் ‘நேரம் முடிந்தது’ என்பதற்கு மேல் ஓர் எழுத்து இராது.

எட்டுச் சீட்டுகள் சேர்ந்தன. அவற்றுள் ஐந்து ரேஞ்சையே குற்றம் சாட்டின. பெரும்பான்மை வடிவம் மூலவடிவம் ஆகாது என்று முப்பது ஆண்டு வகுப்பில் சொல்லிக் கொடுத்தவள் நான். ஆயினும் களைப்பில் நானும் ரேஞ்சின் பக்கம் சாய்ந்திருந்தேன். முத்துராஜ் ஒருவன்தான் இசையவில்லை. ஏலப்பாறையில் விடுதி வேலைக்கு நடுவே தொலைபேசியை எடுத்து அவன் கேட்டது: “ரேஞ்சு இல்லன்னா ரெண்டு பேருக்கும் இல்லாமப் போகணும்ல டீச்சர்? எங்கம்மாவுக்கு இருக்குற ரேஞ்சு பெரியம்மாவுக்கு மட்டும் எங்க போச்சு?”

காணப்படாத சோதனைகள்

அந்தக் கேள்விக்குப் பிறகே கோகிலா பிளகின் வைப்பது என்று முடிவு செய்தாள். நிரல் எழுதும் செயலியோடு அதை இணைத்துக்கொண்டால், ஓடும் சோதனையை நினைத்த இடத்தில் நிறுத்தலாம். அந்நொடியில் பிரவுசர் எதைக் கண்டுகொண்டிருக்கிறது என்று நாமும் காணலாம். முத்துராஜையும் சேர்த்து மூவர் கணினியிலும் இருக்கட்டும் என்றேன். எண்ணிக்கைக்குக் கையெழுத்திட வேண்டியவள் நான். பிறர் கண்டதைக் கேட்டு எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. கோகிலா சோதனைக் கோப்புகளை ஒரே உறையாக, அதாவது ஒரே ஃபோல்டராக, அனுப்பிவைத்தாள். நான் வழிமுறைகளைத் தாளில் எழுதி, வரிசை எண் இட்டு, ஒவ்வொன்றாகச் செய்து முடித்தேன். பிளகின் இறங்கியது, அமர்ந்தது, ‘சோதனை எதுவும் காணப்படவில்லை’ என்றது. அழித்து மீண்டும் நிறுவினேன். அதே விடை. மூன்றாம் முறையும் அதே.

மறுநாள் கோகிலா சித்தூருக்குப் பேருந்தில் வந்து என் கணினியைத் திறந்தாள். வந்த உறையை நான் அப்படியே வைத்திருக்கவில்லை. ‘கொழிஞ்சாம்பாறை’ என்ற உறைக்குள் ‘கோகிலா’, அதனுள் நாள், அதனுள்ளே கோப்புகள் என்று ஆவணப்படுத்தியிருந்தேன். பிளகினுக்கோ தன் அமைப்புக் கோப்பு திறந்த உறையிலேயே இருக்க வேண்டும்; மூன்று கதவு தட்டிப் போய்த் தேடும் பழக்கம் அதற்கு இல்லை. கோப்புகளின் பெயரையும் மாற்றிச் சொன்னவர் பெயரில் முடித்திருந்தேன். பெயரின் முடிவில் ‘டெஸ்ட்’ என்று இல்லாத எதையும் அது சோதனையாகக் கருதுவதில்லை. கோகிலா எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினாள். கடைசிக் கோப்பின் பெயரைத் திருத்திவிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். “ஏனுங்க டீச்சர், இது என்ன தாலாட்டுங்களா, எந்த ஊர்ல யாரு சொன்னாங்கன்னு எழுதி வெக்கறதுக்கு?”

விடுதியில் இறங்கிய பிரவுசர்

பிளகின் இலகுவானது. அது ஓட்டும் பிரவுசர் இலகுவானதன்று. நம் கணினியில் இருப்பதை ஏற்காமல், தனக்கென்று தனியாக ஒன்றை இறக்கிக்கொள்ளும். ஏலப்பாறையில் முத்துராஜின் வீட்டில் அது பாதி இறங்கும்போது மழையில் கரண்டு போகும். மறுபடி தொடங்கினால் விட்ட இடத்திலிருந்து அல்ல, முதலிலிருந்து. இப்படி மூன்று முறை. நான்காம் முறை, தான் வேலை பார்க்கும் விடுதியின் வைஃபையில், முதலாளியிடம் சொல்லிவிட்டே இறக்கினான்.

அந்த மாலையில் விடுதியின் ஐந்து அறைகளிலும் படம் நின்றது, பேச்சு அறுந்தது, பணம் அனுப்பும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. முத்துராஜ் அறை அறையாகப் போய்ப் பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான். பிரவுசர் முழுதாக இறங்கியது. விருந்தினர் கருத்துப் புத்தகத்தில் எவரும் எதுவும் எழுதவில்லை. கோயமுத்தூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர் மட்டும் புறப்படும்போது வாயால் சொல்லிவிட்டுப் போனாராம். முத்துராஜ் சொன்னபடியே தருகிறேன்: “நெட்டு வேண்டாம்னுதானுங்க தம்பி மலைக்கே வந்தோம். ஆனா அத நாங்களா வேண்டாங்கோணும்.”

எழுந்து போனவள்

எந்த வரியில் நிற்க வேண்டுமோ அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தால் சோதனை அங்கே நிற்கும். நானே புள்ளி வைத்தேன். நின்றது. பிரவுசரில் வள்ளியம்மாளின் பட்டியல் அசையாமல் இருந்தது. அந்த நிலையைக் குறித்துவைக்கச் சீட்டெடுக்க எழுந்தேன். நாளும் நேரமும் எழுதித் திரும்பினேன். திரையில் சிவப்பு: நேரம் முடிந்தது. எங்களை இத்தனை நாள் அலைக்கழித்த அதே வரி, என் கணினியில், என் கண்முன்.

பிடித்துவிட்டேன் என்று இருவருக்கும் சொன்னேன். அரை நாள் மூவரும் அதே இடத்தைத் தோண்டினோம். பிற்பகலில் கோகிலா, புள்ளியில் நிற்கும்போது நான் என்ன செய்தேன் என்று படிப்படியாகக் கேட்டாள். சீட்டு எழுதப் போனதைச் சொன்னேன். முப்பது விநாடி என்ற கெடு, நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தையும் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது. டீபக் செய்யும்போது, அதாவது நிறுத்திப் பிழை தேடும்போது, கெடுவை நீக்கிவைக்க வேண்டும் என்பது வழிமுறைத் தாளின் ஒன்பதாம் எண்ணில், என் கையெழுத்திலேயே இருந்தது. கோகிலா சினக்கவில்லை. சினந்திருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும். “பரவால்லீங்க டீச்சர். நிறுத்தி வெச்சுட்டு எந்திரிச்சுப் போனா மனுசனுக்கே கோவம் வருது.”

இரண்டு பச்சை

தளம் மூடும் வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை, எல்லாம் ஒழுங்காக அமைந்தபின், கோகிலா பிளகின் வழியாக முதல் முறை முழுதும் ஓட்டினாள். பச்சை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டினாள். பச்சை. ஒவ்வோர் அடியாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் குற்றம் ஒன்றும் தென்படவில்லை. நிறுவனம் இரண்டு நாளையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. திங்கட்கிழமையும் பச்சை விழுந்தால் கட்டு ஏற்கப்படும். ஞாயிறு மாலை வள்ளியம்மாளுக்குச் சொல்லியனுப்பலாமா என்று எண்ணி, மூன்றாவது நாள் ஆகட்டும் என்று பொறுத்தேன். அந்த மாதத்தில் நான் எடுத்த சரியான முடிவு அது ஒன்றே.

திங்கள் பத்து மணிக்குச் சிவப்பு. நேரம் முடிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒழுங்காக நடந்து, தனியே விட்டால் கெடும் குற்றத்தைப் போல் மனத்தை அறுப்பது வேறில்லை. இதைப் படிப்பவர்களுள் அனுபவித்தவர்கள் இருப்பீர்கள். பழைய தளம் மூட நான்கு நாள் இருந்தது. மூன்று நாள் பச்சை வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த முத்துராஜுக்கு இதில் வியப்பே இல்லை. “கங்காணி நின்னா எல்லாக் கையும் ஓடும் டீச்சர். அவரு அடுத்த நிரைக்குப் போகட்டும், பொறவு பாருங்க.”

நாற்பதும் நாற்பத்தொன்றும்

மறுநாள் செவ்வாய், கோகிலா பத்து மணிக்குக் காத்திராமல் எட்டே முக்காலுக்கே உட்கார்ந்துவிட்டாள். எண்ணும் வரியில் புள்ளி வைத்து நிறுத்தினாள். பழைய தளத்தில் நாற்பது பதிவு, புதிய தளத்தில் நாற்பது. கெடுவை நீக்கியிருந்ததால் அப்படியே நிறுத்தி வைத்து, அடுப்பில் இருந்ததை இறக்கப் போனாள். ஒன்பதே காலுக்குத் திரும்பி வந்து அதே வரியை மறுபடி ஓட்டினாள். புதியதில் நாற்பது. பழையதில் நாற்பத்தொன்று. அவள் வீட்டில் எவரும் விசைப்பலகையைத் தொட்டிருக்கவில்லை. என்னைக் கூப்பிட்டாள், சற்றுமுன் வரை என் தொலைபேசி ஓய்வில்லாமல் இருந்திருந்தது.

வள்ளியம்மாள் பேத்தியைப் பள்ளி வண்டியில் ஏற்றிவிட்டு, ரேஞ்சு கிடைக்கும் சாலை வளைவில் நின்று, ஒன்பது மணிக்கு என்னைக் கூப்பிடுவாள். பள்ளி உள்ள நாளெல்லாம். புலியின் வாலைப் பற்றியோ, சுமையில் இருந்தது உப்பா மிளகாயா என்பதைப் பற்றியோ ஒரு திருத்தம் இருக்கும். கேட்டவுடன் பதிந்து, பெயரும் நேரமும் இட்டுச் சேமித்துவிடுவேன். அது பழைய தளத்தில் சேரும். விடியற்காலை நகல் அதற்கு முன்பே போய்விட்டிருக்கும். பத்து மணிக்குக் கணினி எண்ணும். மற்றக் கட்டுகளின் கதைசொல்லிகள் என்னைக் கூப்பிடுவதில்லை. பாதிப்பேர் இப்போது இல்லை. சனியும் ஞாயிறும் பள்ளி இல்லை. இதைக் கூட்டிப் பார்க்கப் பத்து விநாடி போதும், ஒரு மாதமாக நான் கூட்டிப் பார்க்கவில்லை. திருத்தத்தைப் பதிவது என் கடமை, எண்ணுவது அவர்கள் வேலை என்று இரண்டையும் தனித்தனி அறையில் வைத்திருந்தேன். கோகிலா சொன்னது: “நாப்பத்தொண்ணாவது யாருன்னு பாத்தனுங்க டீச்சர். ஒம்பது மணி பன்னண்டு நிமிசம்னு நேரத்தோட நீங்களே எழுதி வெச்சிருக்கறீங்க.”

பொறுத்திருக்கச் சொன்னது

நகல் போகும் நேரத்தை மாற்றலாகாதா என்று கேட்டேன். கொச்சியில் அனுமதி வாங்க ஒரு வாரம் ஆகும் என்றாள் கோகிலா. மிஞ்சியிருந்தவை புதன், வியாழன், வெள்ளி. அந்த மூன்று நாளும் வெள்ளி மாலை வரை நான் எதையும் சேர்க்கக் கூடாது. சரி என்றேன். அவள் அதை இரண்டாம் முறையும் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

புதன் ஒன்பது மணிக்கு வள்ளியம்மாள் கூப்பிட்டாள். இதுவரை வந்ததெல்லாம் திருத்தம். இப்போது முடிவே வேறாக நினைவு வந்திருக்கிறது, அய்யா சாகிற வருசம் ஒரே ஒரு தடவை சொன்னது, தங்கச்சிக்கும் தெரியாது என்றாள். தொழிலுக்கு வந்த நாள்முதல் கதை சொல்ல வந்தவரிடம் ‘பிறகு’ என்று நான் சொன்னதில்லை. அன்று சொன்னேன். காரணத்தை விளக்கினேன். அவளுடைய கதை தங்கையின் கதைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டுமானால் மூன்று நாள் பொறுக்க வேண்டும் என்றேன். தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டுமா என்றும் கேட்டேன். தாளை யார் காதில் வைத்துக் கேட்பது என்றாள். என் தொலைபேசியில் உள்ள பதிவுச் செயலி நேரே பழைய தளத்தில்தான் சேர்க்கும். வேறு வழி இருந்திருக்கும், கோகிலாவைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை. அந்த மாதத்தில் நான் கேட்காமல் விட்ட ஒரே வினா அது. வள்ளியம்மாள் நின்றிருந்த வளைவில் ஜீப் ஒன்று திரும்பும் ஒலி கேட்டது. “நான் நிப்பேன் டீச்சரம்மா, மூணு நாள் என்ன, முப்பது நாளும் நிப்பேன். அது நிக்குமான்னு நான் எப்படிச் சொல்ல?”

வெள்ளிக்கிழமை

புதன் பச்சை. வியாழன் பச்சை. வெள்ளி காலை ஒன்பது அடித்து ஐந்து நிமிடத்துக்குத் தொலைபேசி ஒலித்தது. திரையில் அவள் பெயர். எடுத்தால் கேட்பேன், கேட்டால் பதிவேன், என்னை நான் அறிவேன். மேசைமேல் அது ஒலித்து ஓய்ந்தது. மறுபடி ஒலித்தது. மூன்றாம் முறை ஒலிக்கவில்லை. பத்து மணிக்குச் சோதனை ஓடியது. பழையதில் நாற்பத்தொன்று, புதியதில் நாற்பத்தொன்று. பச்சை. கோகிலா கூப்பிட்டுச் சொன்னாள். கட்டை ஏற்றுக்கொண்டதாக நிறுவனத்திடமிருந்து பிற்பகலில் ஒரு வரி வந்தது. மாலையில் பழைய தளம் மூடப்பட்டது.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அவள் கூப்பிடவில்லை. ஒன்பதரைக்கு நான் கூப்பிட்டேன். கட்டு குடியேறிவிட்டதைச் சொன்னேன். தங்கை கதைக்குப் பக்கத்திலேயே இருக்கிறதா என்று கேட்டாள்; பக்கத்திலேயே என்றேன். நல்லது என்றாள். புதிய தளத்தில் பதியச் செயலியும் தயார், அந்த முடிவைச் சொல்லுங்கள் என்றேன். எந்த முடிவு என்று கேட்டாள். நினைவூட்டினேன், அய்யா சாகிற வருசம் சொன்னது என்று. “அன்னிக்கு வந்துச்சு, ஒங்களக் கூப்பிட்டேன். இன்னிக்கு இல்லியே டீச்சரம்மா.”

இந்நிகழ்ச்சியை மற்றவர்கள் வேறாக முடிக்கிறார்கள். முத்துராஜ் சொல்லும் வடிவத்தில், அந்த வெள்ளிக்கிழமை நான் தொலைபேசியை எடுக்காமல் போகவே பெரியம்மா அவன் அம்மாவைக் கூப்பிட்டாள், பல ஆண்டு கழித்து. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் பேச்சு நடந்தது. என்ன பேசினார்கள் என்று பேச்சியம்மாளைக் கேட்டதற்கு, அக்கா அய்யாவைப் பற்றிப் பேசினாள் என்பதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. கோகிலா சொல்லும் வடிவத்தில் புது முடிவு என்று ஒன்று இருந்ததே இல்லை. தன் கட்டு போய்விடும் என்ற அச்சத்தில், என்னைத் தொலைபேசியில் பிடித்து வைக்க வள்ளியம்மாள் சொன்ன சாக்கு அது. என்னுடையதையும் சேர்த்து மூன்றையும் சொன்னவர், ஊர், நாள் குறித்துப் பதிந்துவிட்டேன். நாற்பத்தொரு பதிவுகள் புதிய தளத்தில் பழுதின்றிக் கேட்கின்றன. நாற்பத்திரண்டாவது மூன்று வடிவங்களில் கிடைக்கிறது, எந்த வடிவத்திலும் கதை மட்டும் இல்லை.